ஹைவேயில் சைக்கிள் போகலாமா: சித்தூர் ரோட்டுக் கடையிலிருந்து ஒரு பதில்

போன ஆனியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் கியர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். மறுநாள் விடியற்காலை காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்கப் புறப்படுகிறார்களாம். இரண்டு வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, ஒன்றில் பின்சக்கரம் கோட்டம். ஸ்போக் சாவியை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்ததும் ஒருவன் ஆரம்பித்தான்.

"அண்ணா, ஹைவேல சைக்கிள் ஓட்டினா போலீஸ் புடிப்பாங்களா? புதுசா எக்ஸ்பிரஸ்வே போடறாங்களே, அதுல போனா சீக்கிரம் போயிடலாம் இல்ல?"

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில், பிடிக்க மாட்டார்கள். இரண்டாவதுக்குப் பதில், அந்தப் பக்கமே போகாதே. பையனுக்கு இரண்டும் ஒரே ரோடு மாதிரித் தெரிந்தது. அவனுக்கு மட்டுமல்ல, கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு அப்படித்தான் தெரிகிறது.

காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் நைனா வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. பஞ்சர் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். குடிபாலா பக்கத்திலிருந்து கேன் கட்டி வரும் பால்காரர், ஷிஃப்டுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோமீட்டர் மிதிக்கிற பையன்கள் என்று எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சட்டத்தில் சைக்கிள் எங்கே இருக்கிறது

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. அதனால் லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். டோல்கேட்டில் காசும் கிடையாது. பேட்டரி சைக்கிளுக்கும் ஒரு அளவு வரைக்கும் இதே சலுகை உண்டு. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதுவும் சைக்கிள்தான். அதைத் தாண்டினால் அது மொபெட், நம்பர் பிளேட் கேட்பார்கள். "ஸ்பீடு லாக்கை எடுத்துக் கொடு அண்ணா" என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நைனா காலத்தில் கதை வேறு. சைக்கிளுக்கு நகராட்சியில், பஞ்சாயத்தில் வருஷா வருஷம் வரி கட்டி ஒரு தகர வில்லை வாங்கி மாட்டவேண்டும். ராத்திரி லைட் இல்லாமல் போனாலோ டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ்காரர் வால்வ் ட்யூபைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார், வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். அந்த வில்லை ஒன்று இன்னும் கடை மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. இன்று வரியும் இல்லை, வால்வைப் பிடுங்குவதும் இல்லை. ஆனால் "சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொது வழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால் தண்டனை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 281ஆவது பிரிவு. அதில் மோட்டார் வாகனம் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை, வண்டி எதுவானாலும் பொருந்தும்.

சரி, ஹைவேக்கு வருவோம். சாதாரண தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிள் போகக்கூடாது என்று பொதுவான தடை எதுவும் இல்லை. மாநில நெடுஞ்சாலையிலும் இல்லை. மாட்டு வண்டி போகிறது, டிராக்டர் போகிறது, திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், சைக்கிளும் போகலாம். வேலூரைத் தொட்டுக்கொண்டு போகிற சென்னை–பெங்களூரு 48ஆம் எண் நெடுஞ்சாலையானாலும் சரி, சித்தூரிலிருந்து முல்பாகல் பக்கம் போகிற 69ஆம் எண்ணானாலும் சரி, இதுதான் நிலைமை. பிரெவே என்று சொல்கிறார்களே, ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் நடக்கும் 200, 300, 600 கிலோமீட்டர் நெடுந்தூர சவாரிகள், அவற்றில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கவேண்டும். முன்னும் பின்னும் லைட்டும், ஒளி அடித்தால் மின்னும் மேலாடையும் இல்லாமல் இருட்டில் ஓட்ட விடமாட்டார்கள்.

தடை வந்தால் குறிப்பிட்ட ஒரு சாலைக்கு, குறிப்பிட்ட ஒரு அறிவிப்பு மூலமாகத்தான் வரும். 2002ஆம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஸ்கூட்டர், ஆட்டோ, டிராக்டர், மோட்டார் இல்லாத வண்டிகள் எல்லாவற்றையும் நடுப் பாதையிலிருந்து விலக்கினார்கள். மோட்டார் இல்லாத வண்டி என்றால் அதில் நம்ம சைக்கிளும் அடக்கம். இவர்களுக்கெல்லாம் பக்கத்துச் சர்வீஸ் ரோடு. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கும் பைக்குக்கும் இடமில்லை. ஐதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டருக்கு ஓடும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் இரண்டு சக்கரம் ஏறமுடியாது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ரிங் ரோட்டை ஒட்டி 23 கிலோமீட்டருக்கு சோலார் கூரை போட்டுத் தனியாக ஒரு சைக்கிள் பாதையை 2023இல் திறந்தார்கள். வெயிலுக்கு நிழலும் ஆச்சு, மேலே கரண்டும் ஆச்சு. நம்ம பக்கம் வெயில் தெரியுமில்லையா, அதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

வெளிநாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியின் ஆட்டோபானில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமுடியாத வண்டி ஏறவே கூடாது, இங்கிலாந்து மோட்டார்வேயிலும் சைக்கிள் கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் ஊர்ப்புறத்து ஃப்ரீவே ஓரங்கள் சிலவற்றில் சைக்கிளை விடுகிறார்கள். விடாத இடம் வரும்போது "சைக்கிள்கள் இங்கே வெளியேறவும்" என்று போர்டு வைத்திருப்பார்கள். அங்கேயும் பதிலைச் சொல்வது போர்டுதான்.

எது ஹைவே, எது எக்ஸ்பிரஸ்வே

நம்ம பகுதிக்கு வருகிற எக்ஸ்பிரஸ்வே பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை. சுமார் 260 கிலோமீட்டர், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தது. ஹொஸகோட்டேயில் தொடங்கி, சித்தூர் மாவட்டத்துக்குள் பைரெட்டிப்பள்ளி, பங்காருபாளையம், குடிபாலா வழியாக வந்து, வாலாஜாப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கமாக ஸ்ரீபெரும்புதூர் போகிறது. ஏறவும் இறங்கவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே வழி. இரண்டு சக்கரத்துக்கு இடமில்லாத வகை.

வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் வழவழவென்று கிடந்த அந்தப் புது ரோட்டில் ஏறி ஓட்டியிருக்கிறார்கள். லாரி இல்லை, குழி இல்லை, யாருக்குத்தான் ஆசை வராது? பால்காரரே ஒரு நாள் காலை அப்படி ஏறிப்பார்த்தார். மண் லாரிக்கு வழிவிட நின்ற மேஸ்திரி, "ஈ ரோட்ல சைக்கிள் வத்து, கிந்த ரோட்ல பொண்டி" (இந்த ரோட்டில் சைக்கிள் வேண்டாம், கீழ் ரோட்டில் போங்கள்) என்று தெலுங்கில் சொல்லிக் கைகாட்டி அனுப்பிவிட்டாராம். "எங்க ஊரு நிலத்துல போட்ட ரோடு, எனக்கு இடம் இல்லையா?" என்று அவருக்கு ஒரு வாரம் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ரோடு திறந்த பிறகு அங்கே சைக்கிளை ஏற்றாதீர்கள் என்றுதான் அவரிடமும் சொன்னேன்.

காரணம் வெறும் கணக்கு. நூற்றிருபதில் வரும் கார் ஒரு நொடிக்கு 33 மீட்டர் தாண்டும். பதினெட்டில் மிதிக்கிற நீங்கள் 5 மீட்டர். உங்களை 200 மீட்டர் தூரத்தில் அவர் பார்த்தார் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நொடியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அதற்குள் அவர் செல்போனில் ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். "எக்ஸ்பிரஸ்வே" என்று ஊரில் கூப்பிடுகிற ரோடு சாதாரண நாலு வழிச் சாலையாக இருக்கும். "பைபாஸ்" என்று சொல்கிற ரோட்டில் ஒரு மேம்பாலத்துக்கு மட்டும் தடை இருக்கும். ஏறுகிற இடத்தில் நின்று பாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம், குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் உள்ளே போகக்கூடாது. நீல வட்டத்தில் சைக்கிள் படம் இருந்தால் அது சைக்கிளுக்கென்றே போட்ட பாதை. படம் என்பதால் தெலுங்கு போர்டா தமிழ் போர்டா என்ற கவலையே வேண்டாம். சில இடத்தில் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே போர்டில் வரிசையாகப் போட்டிருப்பார்கள், மேலே இருக்கிற பைக்கை மட்டும் பார்த்துவிட்டு "நமக்கில்லை" என்று போய்விடாதீர்கள். போர்டே இல்லாமல் இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு கடை கண்ணி இல்லை, பஸ் ஸ்டாப் இல்லை, மாடு மேய்கிறவர்கூட இல்லை என்றால் அது உங்களுக்கான ரோடு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மைல்கல் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமத்துச் சாலை. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு எனக்குப் பிடித்தது ஆரஞ்சுக் கல்தான். தூரம் கொஞ்சம் கூடும், போகட்டும். வழியில் டீக்கடை இருக்கும், புளியமர நிழல் இருக்கும்.

போகலாம் சரி, எந்த ஓரத்தில்?

சட்டம் விட்டாலும் ரோடு விடவேண்டும். நாலு வழிச் சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் மீடியன், அதற்கு இந்தப் பக்கம் இரண்டு லேன், அதை அடுத்து ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரம், அதற்கு அப்பால் மண். சில இடத்தில் தடுப்புக்கு வெளியே சர்வீஸ் ரோடு. நமக்கு முதல் இடம் சர்வீஸ் ரோடு, அது இல்லாதபோது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற தார் ஓரம். தார் ஓரத்திலும் மண்ணை ஒட்டிப் போகாதீர்கள். பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம் இருக்கும். பின்னால் ஹாரன் அடித்தால் பயந்து இடது பக்கம் சாய்வோம், முன்சக்கரம் இறங்கும், திருப்பி ஏற்றப் பார்த்தால் சக்கரம் விளிம்பில் உரசி வண்டி வலப்பக்கம், அதாவது லாரிக்கு முன்னால், விழும். விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளியே ஓட்டுங்கள். தப்பித் தவறி இறங்கிவிட்டால் இறங்கியபடியே மண்ணில் போய் நில்லுங்கள், அப்புறம் தூக்கி ஏற்றிக்கொள்ளலாம்.

பெரிய லாரி, ஆம்னி பஸ் தாண்டும்போது காற்று முதலில் வெளிப்பக்கம் தள்ளும், வண்டி கடந்த கையோடு உள்பக்கம் இழுக்கும். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் தளர்வாகப் பிடித்திருந்தால் போதும். அந்த நேரத்தில் தண்ணி பாட்டில் எடுக்காதீர்கள்.

மேம்பாலம்தான் வில்லங்கம். வேலூர் கிரீன் சர்க்கிள் மாதிரி இடங்களில் பாலத்தின் மேல் தார் ஓரம் காணாமல் போய்விடும், கைப்பிடிச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நீங்கள். மேலே ஏறாதீர்கள். கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கி, சந்திப்பைத் தாண்டி, மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். சிக்னலில் இரண்டு நிமிஷம் போகும், அவ்வளவுதான். அதே மாதிரி, ஹைவேயிலிருந்து வண்டிகள் இடது பக்கம் பிரிந்து இறங்குகிற வாய் வரும். நேராகப் போகிற நீங்கள் அந்த வாயைக் குறுக்கே கடக்கவேண்டும், பின்னால் வருகிறவரோ உங்கள் மேல் வெட்டி இறங்கப் பார்ப்பார். வாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, திரும்பிப் பார்த்து, காலி ஆனதும் நேர்க்குறுக்காகக் கடந்து விடுங்கள். ஓட்டிக்கொண்டே தோளுக்கு மேல் பார்க்கிறேன் என்பவர்களுக்கு நான் சொல்வது: ஹேண்டிலில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், கழுத்துக்கும் நல்லது.

டோல்கேட்டில் இடது கோடியில் இரண்டு சக்கரத்துக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள். அதில் போங்கள். தரையில் இரும்புக் கம்பி வலை போட்ட சாக்கடை மூடி இருந்தால் மெல்லிய டயர்க்காரர்கள் இறங்கித் தள்ளுங்கள், கம்பிச் சந்தில் டயர் அப்படியே உட்கார்ந்துவிடும்.

இனி என் தப்பு ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பள்ளிகொண்டா பக்கம் ஒரு கல்யாணத்துக்கு சைக்கிளிலேயே போனேன். மண்டபம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். மீடியனில் வழி திறந்திருக்கிற இடம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. "எதுக்கு அவ்வளவு தூரம்" என்று கல்யாணம் முடிந்து திரும்பும்போது எதிர்த்திசையில் ஓரமாகவே வந்தேன். எதிரே ஒரு பையன் சரியான பக்கத்தில்தான் பைக்கில் வந்தான். ஒரு லாரியை இடது பக்கமாகத் தாண்டி வெளியே வந்தவனுக்கு முன்னால் நான். காறையெலும்பு முறிந்தது. புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு ஆறு வாரம் கடையில் கல்லாவை மட்டும் பார்த்தேன், பஞ்சர் எல்லாம் மச்சான்தான் ஒட்டினான். அந்தப் பையனுக்கு முழங்கை தோல் உரிந்ததோடு போச்சு. தப்பு முழுக்க என்னுடையது. எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டே போவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம், அது நடக்கிறவர்களுக்கு. சைக்கிளுக்கு எப்போதும் இடது பக்கம்தான். ஒன்றரை கிலோமீட்டர் என்பது ஆறு நிமிஷ மிதி.

ராத்திரி, அப்புறம் மாங்காய் சீசன்

இருட்டிய பிறகு ஹைவேயில் ஏறவே வேண்டாம் என்பேன். முடியாதவர்களுக்கு, பின்னால் சிவப்பு லைட், முன்னால் வெள்ளை லைட். புது சைக்கிளில் முன்னும் பின்னும், பெடலிலும் சக்கரத்திலும் ரிஃப்ளெக்டர் இருக்கவேண்டும் என்று 2020இல் மத்திய அரசு ஆணையே போட்டிருக்கிறது. பையன்கள் அழகு கெடுகிறது என்று முதல் வேலையாக அதைத்தான் கழற்றச் சொல்கிறார்கள். பெடல் ரிஃப்ளெக்டரை மட்டுமாவது விட்டுவையுங்கள். மற்றதெல்லாம் அசையாமல் மின்னும், இது மேலும் கீழும் ஆடி மின்னும். பின்னால் வருகிற டிரைவருக்கு "இது சைக்கிள், ஆள் மிதிக்கிறான்" என்று அரை நொடியில் தெரிந்துவிடும். பால்காரரின் கேனுக்குப் பின்னால் லாரியில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை ஒரு சாண் அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொடுத்தேன். பைசா வாங்கவில்லை.

ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சித்தூர் பக்கம் முழுக்க மாங்கூழ் ஃபேக்டரிகள். பெங்களூரா மாங்காய், நாம் கிளிமூக்கு என்போமே, அது ஏற்றிய டிராக்டர்கள் ஃபேக்டரி வாசலிலிருந்து ரோட்டு ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும். ராத்திரியெல்லாம் நிற்கும். பின்னால் லைட் இருக்காது. தார் ஓரம் முழுக்க அவர்களுக்குப் போய்விடுகிறபடியால் நீங்கள் லேனுக்குள் வரவேண்டியிருக்கும். அந்த மாதங்களில் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். விழுந்து நசுங்கிய மாங்காய் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், எண்ணெயை விட மோசம்.

ஹைவே பஞ்சர்

இதை எழுதத்தான் எனக்கு ஆசை, மற்றதெல்லாம் பீடிகை. ஊருக்குள் வருகிற பஞ்சர் முள்ளாலும் ஆணியாலும். ஹைவேயில் வருகிற பஞ்சர் கம்பியால். லாரி டயர் வெடித்தால் ரப்பர் துண்டுகள் ஓரத்தில் பாம்புத்தோல் மாதிரிக் கிடக்குமே, அந்த ரப்பருக்குள் இருக்கிற எஃகுக் கம்பி தலைமயிர் கனத்துக்கு உதிர்ந்து தார் ஓரம் பூராவும் பரவும். நீங்கள் ஓட்டுகிற இடமும் அதே ஓரம்தான். கம்பி டயரைக் குத்தி நின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ட்யூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்புவீர்கள், இரண்டு கிலோமீட்டரில் மறுபடி உட்காரும். "அண்ணா, ட்யூப் டூப்ளிகேட்டா?" என்று எனக்கு போன் வரும்.

ட்யூபைக் கழற்றியதும் முதலில் லேசாகக் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்வை அடையாளமாக வைத்து, டயரில் அதே இடம் எது என்று கணக்குப் பண்ணுங்கள். கையில் கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் மெதுவாக ஒரு சுற்றுத் தேய்த்து வாருங்கள். விரலால் தேய்க்காதீர்கள், கிழித்துவிடும். கம்பி இருக்கிற இடத்தில் பஞ்சு இழை மாட்டி நிற்கும். அங்கே டயரை வெளிப்பக்கம் மடக்கிப் பிடித்தால் கம்பி முனை ஒரு மில்லிமீட்டர் தலை நீட்டும். நகம் வெட்டியாலோ சின்ன இடுக்கியாலோ பிடித்து இழுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள், முழுச் சுற்றும் பாருங்கள். ஒரு முறை ஒரே டயரில் ஐந்து எடுத்திருக்கிறேன். இந்த வேலையை ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து செய்யவேண்டாம், தடுப்புக்கு வெளியே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்யுங்கள்.

யாராவது நிறுத்தினால், ஏதாவது ஆகிவிட்டால்

தடை போர்டு இல்லாத ஹைவேயில் ரோந்து வண்டி நிறுத்தினால் பெரும்பாலும் "ஓரமாப் போ", "ஹெல்மெட் எங்கே" என்ற அக்கறைதான். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். சர்வீஸ் ரோட்டில் இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள். வெயிலில் நின்று சட்டப் பிரிவு பேசி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. தடை செய்த ரோட்டில் நிறுத்தினாலோ, பேச்சே வேண்டாம். அங்கே அடிபட்டால் நஷ்ட ஈட்டு வழக்கில் "உன் மேலும் தப்பு" என்று எதிர்த்தரப்பு வாதாடிக் குறைக்கப் பார்க்கும்.

தேசிய நெடுஞ்சாலையில் எந்த உதவிக்கும் 1033, ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 112. இந்த எண்கள் எல்லை தாண்டினாலும் மாறாது. மோதிய வண்டியின் நம்பரை உடனே யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இடித்துவிட்டு ஓடிவிட்டால், வண்டி எது என்று தெரியாமலே போனால்கூட, எஃப்.ஐ.ஆர். போட்டு வையுங்கள். அப்படிப்பட்ட விபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிற திட்டத்தில் உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், பலத்த காயத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் உண்டு. சைக்கிள்காரருக்கும் உண்டு. இது தெரியாமலே விட்டுவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. விழுந்து கிடக்கிறவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை போலீஸ் அலையவிடக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தோடு தனிப் பிரிவே சேர்த்துவிட்டார்கள், அதனால் பயப்படாமல் தூக்குங்கள்.

அந்த மூன்று பையன்களுக்கும் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது ராத்திரி எட்டு. கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, ஆளுக்கொரு ட்யூப், இடுக்கி, ஒரு உருண்டை பஞ்சு கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஒன்பதரைக்கு போன்.

"அண்ணா, சித்தூர் தாண்டிட்டோம். பஞ்சர். பஞ்சை ரூம்லயே வெச்சிட்டு வந்துட்டோம்."

"சாக்ஸ் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"கழட்டி டயர் உள்ள தேய்."

ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான். மூன்று கம்பி.